கழுதையோடு ஒரு காதல் பயணம்

ஆல்ப்ஸ் மலை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பனி மூடிய சிகரம், பச்சைப்பசேல் புல்வெளி, கழுத்தில் பெரிய மணி கட்டிய மாடுகள், கண்ணாடி மாதிரி ஒரு ஏரி. அந்த ஏரிக்கரையில் தடியான ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடிவரும் ஹீரோ. எதிரே, மெல்லிய புடவையில் குளிரில் நடுங்கிக்கொண்டே சிரிக்கும் ஹீரோயின்! நம் சினிமா டூயட்டுகள் பார்த்துப் பார்த்து, சுவிட்சர்லாந்து என்பது ஏதோ வடபழனிக்குப் பக்கத்தில் இருப்பது போல நமக்குப் பழகிவிட்டது.

இருநூறு வருடங்களுக்கு முன்னால் அதே மலைக்கு, அதே ஏரிகளுக்கு ஒரு நிஜக் காதல் ஜோடி போனது. அவர்களிடம் ஸ்வெட்டர் வாங்கக்கூடக் காசில்லை. முன்னால் ஒரு நோஞ்சான் கழுதை. பின்னால் துரத்திக்கொண்டு ஒரு சித்தி. கூடவே, கேட்காமலே வந்து ஒட்டிக்கொண்ட ஒரு தங்கை. பயணத்தின் முடிவில் அந்த ஜோடி உலகத்துக்கு ஒரு பேயைப் பெற்றுக் கொடுத்தது. அந்தப் பேய் இன்னும் சாகவில்லை!

அவர் பெயர் பெர்ஸி பைஷ் ஷெல்லி. பணக்கார ஆங்கிலேயக் குடும்பத்துப் பிள்ளை. கவிஞர். நாத்திகத்துக்கு வக்காலத்து வாங்கி ஒரு துண்டுப் பிரசுரம் எழுதியதற்காக 1811-ல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து துரத்தப்பட்டவர். அதே வருடம் ஹாரியட் என்ற பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டவர். ஆக, ஓடிப்போவதில் ஏற்கெனவே அனுபவஸ்தர்!

அந்தப் பெண், மேரி. அப்பா வில்லியம் காட்வின், அந்தக் காலத்தின் பிரபல புரட்சிச் சிந்தனையாளர். அம்மா மேரி உல்ஸ்டன்கிராஃப்ட், பெண்ணுரிமைக்காக 1792-லேயே புத்தகம் எழுதியவர். மகளைப் பெற்ற பதினோராம் நாள் பிரசவ ஜன்னியில் இறந்து போனார். அம்மாவின் முகத்தையே பார்க்காத மேரி, செயின்ட் பாங்க்ரஸ் கல்லறைத் தோட்டத்தில் அம்மாவின் சமாதிப் பக்கத்தில் உட்கார்ந்துதான் படிப்பாள். ஷெல்லியை ரகசியமாகச் சந்தித்ததும் அங்கேதான்.

'கல்யாணம் என்பது மனிதனைக் கட்டிப்போடும் ஒரு மோசமான ஏற்பாடு' என்ற ரீதியில் 1793-ல் எழுதியவர் காட்வின். அதைப் படித்து அவருக்குச் சீடனானவர் ஷெல்லி. சீடன், குருவின் கொள்கையைக் குருவின் மகளிடமே அமல்படுத்தியபோது குரு கொதித்துப் போனார். கொள்கை புத்தகத்தில் இருக்கும்வரைதான் அழகு!

1814-ம் வருடம் ஜூலை 28. விடிவதற்கு முன்பு மேரி வீட்டை விட்டு வெளியேறினாள். அவளுக்கு வயது பதினாறு. ஷெல்லிக்கு இருபத்தொன்று. சித்தியின் மகள் கிளேரும் கூடவே கிளம்பிவிட்டாள். பிரெஞ்சு பேசத் தெரிந்தவள் என்பது அவளுடைய தகுதி. வீட்டில் இருந்தால் போரடிக்கும் என்பது நிஜமான காரணமாக இருந்திருக்கலாம். அந்த நேரத்தில் ஹாரியட் எங்கே? ஒரு பெண் குழந்தை கையில், இரண்டாவது வயிற்றில். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

டோவரிலிருந்து ஒரு சின்னப் படகில், புயலில் இரவு முழுக்க உருண்டு புரண்டு காலே துறைமுகம் சேர்ந்தார்கள். பின்னாலேயே வந்து நின்றார் சித்தி! 'ஒரு குண்டு அம்மா வந்திருக்கிறார், தன் மகளை நீங்கள் கடத்தி வந்துவிட்டதாகச் சொல்கிறார்' என்று ஷெல்லிக்குத் தகவல் வந்தது. அம்மா ராத்திரி முழுக்க அழுது புலம்பினார். காலையில் கிளேர் 'வரமாட்டேன்' என்று சொல்லிவிட, பேசாமல் ஊர் திரும்பினார்.

பாரிஸ். கையில் இருந்த காசு தீர்ந்தது. ஷெல்லி தன் கடிகாரத்தையும் சங்கிலியையும் விற்றார். பிறகு எப்படியோ 60 பவுண்டு கடன் புரட்டினார். கோச்சு வண்டிக்குக் கொடுத்தால் அது நிற்குமா? நடந்தே சுவிட்சர்லாந்து போய்விடலாம் என்று முடிவு செய்தார்கள். சாமான் சுமக்கவும், பெண்கள் மாறி மாறி உட்கார்ந்து வரவும் சந்தையில் ஒரு கழுதை வாங்கினார்கள்.

ஊர் எல்லை தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது... கழுதை மனிதர்களைச் சுமக்கிற நிலையில் இல்லை, கழுதையைத்தான் மனிதர்கள் சுமக்க வேண்டும்! அதை விற்றுவிட்டு ஒரு கோவேறு கழுதை வாங்கினார்கள். அடுத்த சில நாட்களில் ஷெல்லிக்குக் கணுக்கால் பிசகியது. மாப்பிள்ளை கோவேறு கழுதை மேல், இரண்டு பெண்களும் கறுப்புப் பட்டு உடையில் புழுதியில் நடந்தபடி... இதுதான் அந்த மகத்தான தேனிலவு ஊர்வலம்!

சிரிப்பதை நிறுத்திவிட்டு, அவர்கள் எந்த வழியாக நடந்தார்கள் என்று பார்க்க வேண்டும். இருபது வருடங்களுக்கு மேலாக இங்கிலாந்தும் பிரான்ஸும் போரிட்டுக்கொண்டிருந்தன. நடுவில் கொஞ்ச நாள் சமாதானம். மற்றபடி ஆங்கிலேயர்களுக்கு ஐரோப்பா பூட்டிய வீடு. 1814 ஏப்ரலில் நெப்போலியன் பதவி இறங்கினார், கதவு திறந்தது. உள்ளே நுழைந்த முதல் சுற்றுலாக் கூட்டத்தில் இவர்களும் உண்டு. ஆனால், பாரிஸுக்குக் கிழக்கே இருந்த கிராமங்கள் வழியாகத்தான் சில மாதங்களுக்கு முன்பு ரஷ்யாவின் கொஸாக் குதிரைப்படை வந்து போயிருந்தது. நோஜான் என்ற ஊர் சாம்பல். கூரை இல்லாத வீடுகள். பால் கேட்டால், 'மாடுகளைக் கொஸாக்குகள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்' என்று பதில். ஒரு கிராமத்தில், நெப்போலியன் பதவி இழந்த விஷயமே மக்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. 'ஏன் வீட்டைத் திரும்பக் கட்டவில்லை?' என்று கேட்டபோது, 'கொஸாக்குகள் திரும்பி வரும்போது மறுபடி எரித்துவிடுவார்களே' என்றார்கள்.

இதையெல்லாம் மேரி தன் டைரியில் குறித்துக்கொண்டாள். பதினாறு வயதுப் பெண், தேனிலவு டைரியில்!

அதே பாதையில் த்ருவா என்ற ஊரில் உட்கார்ந்து ஷெல்லி ஒரு கடிதம் எழுதினார். யாருக்கு? மனைவி ஹாரியட்டுக்கு! 'நீயும் சுவிட்சர்லாந்துக்கு வந்துவிடு. உனக்கு நல்ல நண்பனாக நான் இருக்கிறேன்' என்று அழைப்பு. கேலி இல்லை, மனப்பூர்வமாகவே எழுதினார். தன் லட்சியம் அடுத்தவருக்கு எப்படி வலிக்கும் என்று புரியாதவர்களிடம் எப்போதுமே இந்த மனப்பூர்வம் இருக்கும்.

* * *

நூஷாடெல் ஊருக்குச் சற்று முன்னால் அவர்கள் முதல்முறையாக ஆல்ப்ஸைப் பார்த்தார்கள். மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால், மேகமோ என்று சந்தேகப்பட வைக்கிற வெள்ளைச் சிகரங்கள். அந்த ஊர் பாங்கில் 38 பவுண்டு கடன் கிடைத்தது. அதை வெள்ளி நாணயங்களாகக் கொடுத்ததால், ஷெல்லி ஒரு கான்வாஸ் மூட்டையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்.

அங்கிருந்து லூஸெர்ன் ஏரி. படகில் ஏரியின் அடுத்த முனையில் இருந்த ப்ருன்னன் கிராமம். சுவிஸ் மக்களின் சுதந்திர நாயகன் வில்லியம் டெல்லின் மண் என்று ஷெல்லி தேடி வந்த இடம். பெரிய, அசிங்கமான ஒரு வீட்டில் இரண்டு அறைகள், ஆறு மாத வாடகை ஒப்பந்தம். ஷெல்லி உடனே ஒரு நாவல் எழுத ஆரம்பித்துவிட்டார். ஆனால், வெளியே விடாத மழை. உள்ளே கணப்பு அடுப்பைப் பற்றவைத்தால் ஒரே மூச்சுமுட்டல். கையில் மிச்சம் 28 பவுண்டு. மேரியோ கர்ப்பம்.

ஆறு மாத ஒப்பந்தம் போட்டவர்கள் எத்தனை நாள் தங்கினார்கள் தெரியுமா? இரண்டே நாள்!

இருப்பதிலேயே மலிவான வழி, தண்ணீர் வழி. ராய்ஸ் ஆறு, பிறகு ரைன் நதி என்று கிடைத்த படகுகளில் எல்லாம் தொற்றிக்கொண்டு ஹாலந்து போய், செப்டம்பர் 13-ம் தேதி இங்கிலாந்து திரும்பினார்கள். கப்பல்காரருக்குக் கொடுக்கக் காசில்லை. ஷெல்லி என்ன செய்தார்? லண்டனில் நேராக ஹாரியட்டிடம் போய்ப் பணம் கேட்டார்! மேரியும் கிளேரும் வாசலில் வண்டிக்குள்ளேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கணவன் வேறொரு பெண்ணோடு போய் வந்த உல்லாசப் பயணத்தின் கடைசிக் கட்டணத்தை, கர்ப்பிணி மனைவி கட்டினாள்.

காட்வின்? மகளின் முகத்தில் விழிக்க மறுத்துவிட்டார். ஆனால், ஷெல்லியிடம் கடன் கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. ஒரே நிபந்தனை... செக்கில் ஷெல்லியின் பெயர் இருக்கக் கூடாது. மானம் முக்கியமில்லையா?

1815 பிப்ரவரியில் மேரிக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இரண்டு வாரத்தில் இறந்தது. சில நாட்கள் கழித்து மேரி ஒரு கனவு கண்டாள். குழந்தை சாகவே இல்லை, குளிரில்தான் விறைத்துக் கிடந்தது, கணப்பு நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் பிழைத்துக்கொண்டது. விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை.

இறந்த உடலுக்கு உயிர் திரும்புகிறது. இந்தக் கனவையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

இப்போது கொஞ்சம் இந்தோனேஷியாவுக்குப் போய்விட்டு வரலாம். 1815 ஏப்ரலில் அங்கே சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. மனித வரலாற்றில் பதிவான மிகப்பெரிய எரிமலை வெடிப்புகளில் அது ஒன்று. சுமார் 4,300 மீட்டர் உயரம் இருந்த மலை, வெடித்து முடித்தபோது 2,850 மீட்டர்தான் இருந்தது. சுற்றுப்புறத் தீவுகளில் பல்லாயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். வானத்தில் ஏறிய கந்தக வாயு நுண்துளிகளாகி, உலகத்துக்கே ஒரு மெல்லிய போர்வை மாதிரி பரவியது. சூரிய வெளிச்சம் குறைந்தது. 1816-ல் ஐரோப்பாவுக்குக் கோடைக்காலமே வரவில்லை.

அந்தக் 'கோடை இல்லாத வருட'த்தைத்தான் நம் ஜோடி இரண்டாவது ஆல்ப்ஸ் பயணத்துக்குத் தேர்ந்தெடுத்தது!

இந்த முறை கையில் நாலு மாதக் குழந்தை, பெயர் வில்லியம். கூடவே... ஆமாம், கிளேர்! ஜெனிவாவுக்குப் போகலாம் என்று நச்சரித்ததே அவள்தான். காரணம், லார்ட் பைரன் அங்கே வருகிறார். இங்கிலாந்தின் சூப்பர் ஸ்டார் கவிஞர். மனைவி பிரிந்து, ஊரெல்லாம் சிரித்து, நெப்போலியன் வண்டியைப் பார்த்துச் செய்த சொகுசு கோச்சில் நாட்டை விட்டுக் கிளம்பியவர். அவரோடு கிளேருக்குப் பழக்கம் ஏற்பட்டு, அவள் கர்ப்பமாகவும் இருந்தாள்.

மே மாதம் ஜூரா மலையைக் கடக்கும்போது அப்படி ஒரு பனி. வண்டியை இழுக்க நாலு குதிரைகள், வண்டி சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ளப் பத்து ஆட்கள்! ஜெனிவா ஏரிக்கரையில் கொலோனி என்ற கிராமத்தில் ஷெல்லி ஒரு சின்ன வீடு பிடித்தார். சில நிமிட நடைதூரத்தில் பைரனின் மாளிகை, வில்லா தியோதாதி. பைரனோடு அவருடைய டாக்டர் பாலிடோரி, வயது இருபது.

எதிர்க்கரை ஹோட்டல்காரர் ஒருவர் டெலஸ்கோப் வைத்து, 'பைரன் வீட்டில் என்ன நடக்கிறது பாருங்கள்' என்று சுற்றுலாப் பயணிகளிடம் காசு வசூலித்தார் என்று ஒரு கதை உண்டு. கொடியில் காய்ந்த மேஜை விரிப்புகளைப் பெண்களின் பாவாடைகள் என்று நினைத்துக்கொண்டு, ஊரெல்லாம் வதந்தி பரவியதாம். பாப்பராஸிகளுக்கெல்லாம் தாத்தா!

உண்மையில் உள்ளே என்ன நடந்தது? மழைக்குப் பயந்து ஐந்து பேர் கணப்பு பக்கத்தில் குந்தியிருந்தார்கள். ஏரிக்கு மேல் மின்னல் சொடுக்கிக்கொண்டே இருந்தது. பொழுது போகாமல், ஜெர்மனிலிருந்து பிரெஞ்சுக்கு வந்த பேய்க்கதைத் தொகுப்பு ஒன்றைச் சத்தம் போட்டுப் படித்தார்கள். 'நாம் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம்' என்றார் பைரன்.

இரண்டு பெரும் கவிஞர்களும் கொஞ்சம் எழுதிவிட்டுக் கைவிட்டார்கள். மேரிக்கோ ஒன்றுமே தோன்றவில்லை. தினமும் காலையில் 'கதை கிடைத்ததா?' என்று கேட்பார்கள். 'இல்லை' என்று சொல்ல அவளுக்கு அவமானமாக இருக்கும். ஓர் இரவு ஷெல்லியும் பைரனும் உயிரின் ரகசியம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். செத்த உடலில் மின்சாரம் பாய்ச்சினால் தசை துடிக்கிறதே, அப்படியானால் உயிரையே வரவழைக்கலாமா? மேரி அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். படுத்ததும் கண்ணுக்குள் படம் ஓடியது. ஒரு மாணவன் பிணத்துண்டுகளைச் சேர்த்து ஒரு மனிதனைச் செய்கிறான். அது கண் திறக்கிறது. அதைப் பார்த்துச் செய்தவனே பயந்து ஓடுகிறான்.

'ஃப்ராங்கன்ஸ்டைன்' பிறந்துவிட்டது. ஆசிரியைக்கு வயது பதினெட்டு! (பைரன் பாதியில் விட்ட கதையை எடுத்து டாக்டர் பாலிடோரி எழுதியதுதான் 1819-ல் வெளிவந்த 'தி வாம்பயர்'. டிராகுலாவுக்கு முன்னோடி. ஒரே வீட்டில், ஒரே மழையில், உலகத்தின் இரண்டு பெரிய பேய்கள்!)

* * *

ஜூன் கடைசியில் ஷெல்லியும் பைரனும் படகில் ஏரியைச் சுற்றக் கிளம்பினார்கள். கையில், அந்த ஏரிக்கரையைக் காதலர்களின் புண்ணியத் தலமாக்கிய ரூஸோவின் நாவல். வழியில் சூறாவளி. படகு கவிழப் போகிறது. பைரன் கோட்டைக் கழற்றிவிட்டு, 'உன்னைக் காப்பாற்றுகிறேன்' என்றார். நீச்சல் தெரியாத ஷெல்லியோ ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு அசையவே இல்லை. 'எனக்காக நீ உயிரை விட வேண்டாம்' என்பது அவர் நினைப்பு. தப்பினார்கள். ஷிலோன் கோட்டையின் நிலவறையைப் பார்த்தார்கள். 1530 முதல் 1536 வரை போனிவார் என்பவர் அடைபட்டிருந்த அந்தச் சிறையைப் பற்றித்தான் பைரன் தன் புகழ்பெற்ற கவிதையை எழுதினார்.

ஷெல்லி தன் கடிதத்தில் இன்னொரு காட்சியையும் எழுதியிருக்கிறார். நெர்னியே என்ற ஏரிக்கரைக் கிராமம். பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு உடம்பு கோணல், கழுத்தில் பெரிய வீக்கம். ஒரே ஒரு பையன் மட்டும் அத்தனை அழகு. பைரன் அவனுக்குக் காசு கொடுத்தார். பிறகு மலைக் கிராமங்களைப் பற்றி எழுதும்போது, 'இங்குள்ள மனிதர்கள் பாதிப் பேர் உருக்குலைந்தவர்கள், மந்தபுத்திக்காரர்கள்' என்று ஷெல்லி வருத்தத்தோடு குறிப்பிடுகிறார்.

அது என்ன சாபம்? அயோடின் பற்றாக்குறை! பனியாறுகள் சுரண்டி வைத்த அந்த மண்ணிலும் தண்ணீரிலும் அயோடின் மிகக் குறைவு. அதனால் முன்கழுத்துக் கழலை. கர்ப்பிணிக்குப் போதிய அயோடின் இல்லையென்றால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். நாலே வருடம் கழித்து, 1820-ல், கழலைக்கு அயோடின் கொடுத்துப் பார்த்த டாக்டர் குவாந்தே அதே ஜெனிவாக்காரர்! ஆனால், உப்பில் அயோடின் கலந்து விற்க சுவிட்சர்லாந்துக்கு 1922 வரை ஆயிற்று. அதுவரை தலைமுறை தலைமுறையாக, உலகத்தின் மிக அழகான பள்ளத்தாக்குகளில் வாழ்ந்தவர்களின் கழுத்தில்தான் அந்த அழகின் விலை தொங்கிக்கொண்டிருந்தது.

ஜூலை 21. ஷெல்லி, மேரி, கிளேர் மூவரும் ஷாமோனி புறப்பட்டார்கள். மோன் பிளாங் சிகரத்தின் அடிவாரக் கிராமம். அப்போது அது சார்டீனிய அரசுக்குச் சொந்தமான ஸவாய் பகுதி. பிரான்ஸ் வசம் போனது 1860-ல்தான். பொங்கிப் பாயும் ஆர்வ் ஆற்றங்கரை, பைன் காடுகள், பனிச்சரிவின் இடி முழக்கம். ஷெல்லி பரவசத்தின் உச்சத்தில் இருந்தார். 'மோன் பிளாங்' என்ற மகத்தான கவிதை அங்கேதான் கருவானது. விடுதிப் பதிவேட்டில் தன்னைப் பற்றி 'மனிதநேயன், ஜனநாயகவாதி, நாத்திகன்' என்று கிரேக்க மொழியில் எழுதினார். அடுத்துச் செல்லும் இடம்? 'நரகம்'! பின்னால் வந்த ஆங்கிலேயப் பயணிகள் அதைப் படித்துவிட்டு ஊர் முழுக்கப் பரப்பினார்கள்.

ஜூலை 25-ம் தேதி கோவேறு கழுதைகளில் ஏறி, மேர் தெ கிளாஸ் என்ற மாபெரும் பனியாற்றைப் பார்த்தார்கள். பெயருக்கு அர்த்தம், 'பனிக்கடல்'. அலையடிக்கும்போதே உறைந்துபோன கடல் மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில் பனியாறுகள் வளர்ந்துகொண்டே வந்தன. வயல்களையும் காடுகளையும் விழுங்கின. ஷெல்லிக்குப் பயம். பூமி மெல்ல மெல்லக் குளிர்ந்து ஒருநாள் முழுக்கப் பனிக்கட்டியாகிவிடும் என்று பிரெஞ்சு விஞ்ஞானி பூஃபோன் சொன்னதை ஞாபகப்படுத்திக்கொண்டார். பயம் வீண் அல்ல. இரண்டு வருடம் கழித்து, 1818 ஜூன் 16-ம் தேதி, சுவிட்சர்லாந்தின் பாங்ய் பள்ளத்தாக்கில் ஒரு பனியாறு ஆற்றை அடைத்து, தேங்கிய ஏரி உடைத்துக்கொண்டு வந்து கிராமங்களையே அடித்துச் சென்றது.

ஷெல்லி பனியாற்றில் இயற்கையின் மகா சக்தியைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மேரியோ, மனித நடமாட்டமே இல்லாத அந்த இடத்தை உலகத்திலேயே மிகப் பாழடைந்த இடம் என்று டைரியில் எழுதினாள். அந்த வாரமே தன் கதையையும் எழுதிக்கொண்டிருந்தாள். நாவலில் அந்தப் பனிக்கடலின் மேல்தான் ராட்சஸன் தன்னைப் படைத்தவனை நேருக்கு நேர் சந்திக்கிறான். 'என்னைச் செய்தாயே, ஏன் கைவிட்டாய்?' என்பதுதான் அவன் வழக்கு.

நாவலில் யாருக்கெல்லாம் மேரி யார் பெயரை வைத்தாள் பாருங்கள். ராட்சஸன் முதலில் கொல்வது வில்லியம் என்ற சின்னப் பையனை. தொட்டிலில் கிடந்த தன் குழந்தையின் பெயர்! கடைசியில், விக்டர் ஃப்ராங்கன்ஸ்டைன் கல்யாணம் செய்துகொண்டு மனைவியோடு ஜெனிவா ஏரியில் படகில் தேனிலவு போகிறான். ஒரு பக்கம் மோன் பிளாங், மறுபக்கம் ஜூரா. அன்றிரவே, ஏவியான் என்ற ஏரிக்கரை ஊரில், புதுப்பெண் கழுத்து நெரித்துக் கொல்லப்படுகிறாள். தேனிலவு, ஏரி, அழகான ஊர்... இதற்குமேல் மேரி என்ன சொல்ல வேண்டும்?

அவர்கள் இயற்கையை ரசித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில் மழையில் பயிர் அழுகிக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் கிழக்கு சுவிட்சர்லாந்தில் கடும் பஞ்சம். ரொட்டி விலை எட்டாத உயரத்துக்குப் போனது. பாசியையும் காட்டுக்கீரையையும் தின்று மக்கள் உயிர் பிடித்தார்கள்.

* * *

1816 ஆகஸ்ட் 29-ல் ஜெனிவாவிலிருந்து புறப்பட்டார்கள். அதற்குப் பிறகு பில் மேல் பில்லாக வந்தது. அக்டோபரில் மேரியின் அக்கா ஃபேனி தற்கொலை செய்துகொண்டாள். டிசம்பரில் லண்டன் ஸர்ப்பென்டைன் ஏரியில் ஒரு பெண்ணின் உடல் மிதந்தது. ஹாரியட்! வயது இருபத்தொன்று. இன்னொரு ஏரிக்கரைக்கு வரச்சொல்லி இரண்டு வருடங்களுக்கு முன்பு கணவன் அழைத்தானே, அந்தப் பெண். உடல் கிடைத்த மூன்றே வாரத்தில், டிசம்பர் 30-ம் தேதி, ஷெல்லியும் மேரியும் முறைப்படி கல்யாணம் செய்துகொண்டார்கள். அப்பா காட்வின் மகிழ்ச்சியோடு கலந்துகொண்டார்! ஆனாலும், ஹாரியட்டின் குழந்தைகளை ஷெல்லியிடம் தர நீதிமன்றம் மறுத்துவிட்டது.

1817 நவம்பரில் இருவரின் பயணக் குறிப்புகளும் கடிதங்களும் 'ஆறு வாரச் சுற்றுப்பயண வரலாறு' என்ற சின்னப் புத்தகமாக வந்தன. 1818 ஜனவரி முதல் தேதி 'ஃப்ராங்கன்ஸ்டைன்' வந்தது. 500 பிரதிகள், ஆசிரியர் பெயர் இல்லை. முன்னுரையை ஷெல்லி எழுதியதால், கதையும் அவருடையதுதான் என்று பலர் முடிவு கட்டினார்கள். பெண்ணாவது, இப்படி எழுதுவதாவது!

அந்த வருடமே இத்தாலி. கோமோ ஏரியில் ஒரு மாளிகை வாடகைக்குப் பிடிக்க ஆசைப்பட்டார்கள், கிடைக்கவில்லை. செப்டம்பரில் வெனிஸில் குழந்தை கிளாரா இறந்தாள். அடுத்த ஜூன் மாதம் ரோமில் வில்லியம் இறந்தான். நாவலில் செத்த பெயர்!

1822 ஜூனில் மேரிக்குக் கருச்சிதைவு. ரத்தப்போக்கு நிற்கவில்லை. டாக்டர் வர நேரமாகும். ஷெல்லி பனிக்கட்டி வரவழைத்து, அதில் அவளை உட்காரவைத்து உயிரைப் பிடித்து நிறுத்தினார். மனைவியைக் காப்பாற்றிய மூன்றாவது வாரம், ஜூலை 8-ம் தேதி, படகில் போனவர் புயலில் சிக்கினார். இந்த முறை தப்பவில்லை. கடைசிவரை நீச்சல் கற்றுக்கொள்ளவே இல்லை. வயது இருபத்தொன்பது.

மேரிக்கு இருபத்துநாலு. மிஞ்சிய ஒரே பிள்ளை பெர்ஸி ஃப்ளாரன்ஸ். பேனாவை நம்பித்தான் அவனை வளர்த்து ஆளாக்கினாள்.

1840-ல் அந்த மகனோடு மேரி மறுபடி கோமோ ஏரிக்குப் போனாள். கடனாபியா என்ற கரையோர ஊரில் தங்கினாள். திரும்பும்போது ஜெனிவா வழி. வண்டியிலிருந்து வில்லா தியோதாதி தெரிந்தது. அதன் கீழே, தான் வாழ்ந்த சின்ன வீடும் தெரிந்தது. ஷெல்லி, பைரன், பாலிடோரி, குழந்தை வில்லியம் யாருமே இல்லை. வீடுகளும் ஏரியும் அப்படியே இருந்தன. அன்றைக்கு இருந்தவள்தானா நான் என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. 1844-ல் வந்த அவளுடைய கடைசிப் புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறாள்.

மலையாவது அப்படியே இருக்கும் என்று நாமும் நினைத்துக்கொண்டிருந்தோம். பூமியையே விழுங்கிவிடும் என்று ஷெல்லி பயந்த பனிக்கடல், 1850-க்குப் பிறகு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. ஷாமோனியிலிருந்து மேலே போக 1909-ல் ரயில் வந்தது. 1988-ல் ரோப் கார் போட்டபோது அதிலிருந்து சில படிகள் இறங்கினால் பனியைத் தொடலாம். பனி கீழே கீழே போகப் போக இரும்புப் படிகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. எந்த வருடம் பனி எந்த மட்டத்தில் இருந்தது என்று வழியெங்கும் பலகைகள். கடைசியில் 2024-ல் புதிய ரோப் காரையே மலையில் இன்னும் மேலே தள்ளி அமைத்தார்கள்.

அங்கே போகிறவர்கள் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கத்தான் வேண்டும், அத்தனை அழகு. ஆனால், 'என்னை ஏன் கைவிட்டாய்?' என்று அந்தப் பனி மேல் நின்று ஒரு ராட்சஸன் கேட்ட கேள்விக்கு விக்டரும் பதில் சொல்லவில்லை, ஷெல்லியும் சொல்லவில்லை. அவன் நின்ற பனியே இப்போது உருகிப் போய்க்கொண்டிருக்கிறது. நாம் என்ன சொல்லப் போகிறோம்?